என் கால் சொன்ன பொய்

"ஒரு விரல் போயிடுச்சு. சீழ் மேல ஏறிக்கினு இருக்கு. லேட் பண்ணா கணுக்காலோட எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. என் காலை வெட்டுவதில் இவர்களுக்கு என்ன ஆதாயம் என்று யோசித்தேன். என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்பான ஜமாஅத்தாரே, கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கும் காதர் நான். ஒன்பது வருடமாக எனக்குச் சர்க்கரை. சந்தேகம் அதற்கும் முந்தைய வியாதி. சிரித்துக்கொண்டு வருகிறவரைக் கண்டால் எனக்கு ஆகாது. எதற்குச் சிரிக்கிறார் என்று பார்ப்பேன்.

ரமலானுக்கு முன்பு ஒரு நாள் செல்வி என்ற நர்ஸ் கடைக்கு வந்தார். வெள்ளிமலைப் பெண். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால்களைப் பாதுகாக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. ஒரு செருப்பை எடுத்து உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கால் படம் போட்ட ஒரு தாளை எடுத்தார்.

"பாய், சுகர் இருக்கறவங்க செருப்பு வாங்க வந்தா, உள்ளங்கால தெனமும் பாக்கச் சொல்லுங்க. இந்தப் படத்த இங்க ஒட்டிக்கட்டுங்களா?"

"எந்தக் கம்பெனிமா நீ? உனக்கு இதுல இன்னா கெடைக்குது?"

"கம்பெனி இல்லீங்க. ஆஸ்பத்திரி. உங்களுக்கு சுகர் இருக்குதா பாய்?"

"இல்ல" என்றேன். வேறு கடைக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று முடிவு கட்டி அனுப்பிவிட்டேன்.

பெருநாள் முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு உள்ளே நடந்தேன். பின்னால் வந்தவர் தோளைத் தொட்டார். "பாய், ரத்தம்." திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் தரையில் என் வலது கால் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. வலி துளிகூட இல்லை.

கழற்றி விட்டிருந்த செருப்பைப் புரட்டினேன். வார்ப் பக்கம் ஒரு ஆணியின் முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கடையில் ஆணி அடிக்கிறவன் என் மனைவி ரஹ்மத்தின் தம்பி சலீம். கடைமேல் கண் வைத்து வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று நினைத்தேன். கடைக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் அவனை வெளியே போகச் சொன்னேன். "மச்சான், நான் உங்க செருப்பத் தொட்டதே இல்ல" என்று அழுதான். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை.

காயத்தை வெந்நீரில் ஊற வைத்தேன். சூடு போதவில்லை என்று மேலும் ஊற்றச் சொன்னேன். தோல் வெந்து உரிந்தது. அதுவும் எனக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. அறை முழுக்க நாற்றம். ரஹ்மத் அழுது அழுது என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்துதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

அன்று மாலை அஸர் தொழுகை நேரம். நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி குனிந்தேன். அழுகை வந்தது. "யா அல்லாஹ், டாக்டர நம்ப முடியல. மச்சினன நம்ப முடியல. பக்கத்துல நிக்கிற ரஹ்மத்தக்கூட நம்ப முடியல. எது உண்மைன்னு என் கண்ணால பாக்க வெய்" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் துஆ. காலைக் காப்பாற்று என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணி. வாசலில் செல்வி நின்றார்.

நான் ரஹ்மத்தை முறைத்தேன். "நீ கூப்ட்டியா?"

"சத்தியமா இல்லீங்க" என்றாள்.

"யாரும் கூப்பிடல பாய்" என்றார் செல்வி. "வார்டு நோட்டுல உங்க பேர் இருந்துச்சு. கட்டில் காலியா இருந்துச்சு. இந்தக் காலோட வூட்ல ஒக்காந்துகினு இருக்கலாங்களா?"

பையிலிருந்து மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை எடுத்தார். முதலில் என் உள்ளங்கையில் குத்திக் காட்டினார். குறுகுறுத்தது. "இப்ப நல்ல கால நீட்டுங்க. கண்ண மூடிக்குங்க. படும்போது சொல்லுங்க."

இடது காலை நீட்டிக் காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"எப்பமா ஆரம்பிப்ப?"

"முடிச்சிட்டேன் பாய். பத்து எடத்துல தொட்டேன்."

ஏமாற்றுகிறாள் என்று தோன்றியது. ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அவளும் கூட்டு என்று நினைத்தேன். "கண்ணத் தொறந்துகினு பாக்கறேன். மறுபடி குத்து" என்றேன்.

குத்தினார். நரம்பு என் உள்ளங்காலில் பட்டு வில் மாதிரி வளைந்தது. என் கண்ணால் பார்த்தேன். எனக்கு எதுவுமே தெரியவில்லை.

ஐந்து வேளையும் நான் கழுவிய கால் அது. ஒரு நாளும் அதை நான் பார்த்ததில்லை. எல்லோரையும் பொய்யர் என்றேன். வருடக்கணக்காக எனக்குப் பொய் சொன்னது என் கால்தான். ஆணியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரமலான் கடைசி வாரத்தில் என் செருப்பின் வார் அறுந்தது. சலீம் நோன்பு திறக்கப் போயிருந்தான். அவசரத்தில் நானே அடித்த ஆணி அது.

அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். ஒரு விரலை எடுத்தார்கள். சீழ் மேலே ஏறாமல் நின்றது. கால் தப்பியது. கட்டுப் போட்டுக் கிடந்த அத்தனை நாளும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது சலீம்தான். அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல கஞ்சியக் குடிங்க மச்சான்" என்றான். அதற்குமேல் அதைப்பற்றி இன்றுவரை அவன் பேசியதில்லை.

இப்போது ஒளு செய்ததும் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். வெந்நீரில் கால் வைப்பதில்லை. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை. தினமும் காலையில் ரஹ்மத் கண்ணாடியைப் பிடிக்கிறாள், என் உள்ளங்காலை இருவரும் பார்க்கிறோம். செல்வி கொண்டுவந்த கால் படம் இப்போது கடைச் சுவரில் இருக்கிறது. செருப்பு வாங்க வருகிறவர்களிடம் சர்க்கரை உண்டா என்று நானே கேட்கிறேன். சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

உங்களில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், வலி இல்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் அனுப்புகிறவர் நாம் எதிர்பார்க்கிற முகத்தோடு வருவதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் காலை உங்கள் வீட்டாரிடம் நீட்டுங்கள், வெட்கப்படாதீர்கள். ஒன்பது விரல்களோடு, என் இரண்டு கால்களில் நின்று இதைச் சொல்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.