மாலைக்கு இடமில்லாத வீடு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அருங்காட்சியகத்துக்கு ரோஜா மாலையோடு வந்திருக்கிறேன். ரொறொன்ரோ நகர நடுவில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய ஒரு கனடாக்காரரின் வீடு இது. வீரரின் படத்தைக் கண்டால் மாலை போட்டுப் போட்டோ எடுப்பதுதானே எங்கள் ஆட்களின் முறை? ஞாயிற்றுக்கிழமை சங்க விழாவில் இவரைப் பற்றி நான் பேசவேண்டும். பேச்சைவிடப் போட்டோ முக்கியம். மனைவி போனை நீட்டியபடி நிற்கிறாள்.

சுவரில் தொங்கும் அவர் படத்துக்கு நேரே மாலையை உயர்த்துகிறேன். வழிகாட்டிப் பெண் பாய்ந்து வருகிறாள்.

"பிளீஸ் அங்கிள், பூவில பூச்சி வரும்!"

தமிழ்ப் பிள்ளை! மாலை இப்போது வாசல் மேசையில் ஈரக் குடைகளோடு கிடக்கிறது.

கிளர்ச்சி தோற்றதும் வீரர் எல்லை தாண்டித் தப்பி ஓடினார் என்கிறாள். எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

"நானும் அப்பிடித்தான் பிள்ளை, ஊரில இருந்து தப்பி வந்தனான்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறேன். அவள் கண்ணில் மரியாதை தெரிகிறது. பேச்சுக்கு முதல் வரியும் கிடைத்துவிட்டது.

காரில் ஏறியதும் மனைவி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொல்கிறாள்:

"அந்த மனுசன் சண்டை பிடிச்சுப்போட்டெல்லே ஓடினவர். நீங்கள் சண்டை வரப்போகுதெண்டு கேள்விப்பட்ட உடனேயே பிளேன் ஏறினனீங்கள்."