சபீஹாவின் பெயரில் ஒரு கனெக்‌ஷன்

ராயபுரம் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுத்தான் ஷாகுல் ஹமீது ஜித்தாவுக்கு விமானம் ஏறினான். அதில் மனைவி சபீஹாவுக்குத் தனியாக ஒரு கணக்கு, தம்பி உபைதுல்லாவுக்கு ஒரு கணக்கு. இன்டர்நெட் மட்டும் தம்பியின் கணக்கில்தான் வரும். அதற்குப் பாஸ்வேர்டும் உண்டு.

"நீ எதையாவது அமுக்கி வெச்சிடுவே. உபைது போட்டுக் குடுப்பான்" என்றான் ஷாகுல்.

கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள் அவள்.

அவள் கணக்கைத் திறந்தால் சீட்டாட்டம் இருந்தது, படம் வரையலாம். அவ்வளவுதான். கணவனுக்கு மெயில் எழுத வேண்டுமென்றால் உபைதுல்லா வர வேண்டும். மோடம் கிறீச்சிட்டு லைன் கிடைத்ததும் அவன் அவளுக்குப் பின்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். "சீக்கிரம் அண்ணி, போன் எங்கேஜா கீது." அவளும் எல்லோரும் நலம் என்று தட்டிவிட்டு எழுந்துவிடுவாள்.

ஷாகுல் போன மூன்றாம் மாதம் அவளுக்குக் கரு கலைந்தது. மாமியார்தான் அவனிடம் போனில் சொன்னார். ரிசீவர் சபீஹா கைக்கு வந்தபோது, "உடம்பப் பாத்துக்கோ" என்ற குரலோடு லைன் அறுந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளிடம் யாருமே பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை உபைதுல்லா தன் கணக்கை மூடாமலே தொழுகைக்குக் கிளம்பினான். மாமியார் உள்ளே படுத்திருந்தார். சபீஹா உட்கார்ந்தாள். இன்டர்நெட் பாக்கெட்டோடு வந்த, போன் நம்பரும் பாஸ்வேர்டும் அச்சிட்ட அட்டை மேஜை டிராயரில் இருந்தது. அதைப் பார்த்துப் புதிதாக ஒரு கனெக்‌ஷன் போட்டாள். யாருக்காக என்று கேட்ட இடத்தில், எல்லோருக்கும் என்பதை அமுக்கினாள். பிறகு தன் கணக்கைத் திறந்து பார்த்தாள். அதிலும் வந்திருந்தது.

என் கணக்கிலிருந்தே எழுதுகிறேன் என்று தொடங்கி, தமிழை ஆங்கில எழுத்தில் கோத்து எல்லாவற்றையும் எழுதினாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனது, குழந்தைக்கு மனதுக்குள் வைத்திருந்த பெயர், ராத்திரிகளில் துறைமுகத்துக் கப்பல்களின் சங்கொலி கேட்டு விழித்துக் கிடப்பது. எழுதி முடித்ததும் அனுப்பினாள்.

பதில் வர ஒரு வாரம் ஆனது. ஒரே வரி.

"உன் கணக்கிலே கனெக்‌ஷன் யார் போட்டுக் குடுத்தா?"

கீழே வேறெதுவும் இல்லையா என்று கடைசிவரை நகர்த்திப் பார்த்தாள். கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நானே" என்று தட்டி அனுப்பினாள்.