சின்னையா அண்ணன் குடித்ததில்லை

அண்ணியின் அழைப்பு வந்தபோது நான் ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுவது என்றால் கணினியில்தான். துண்டு துண்டாக எடுத்த படங்களை ஓரத்தோடு ஓரம் பொருத்தி, ஒரே நீளப் படமாக்குவது என் வேலை. எடுப்பது சின்னையா அண்ணன் வேலையாக இருந்தது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு இரண்டும் என் தலையில் விழுந்தன.

"மேகலா, ஒங்கண்ணன் போயிட்டாருத்தா" என்றார் அண்ணி. கணினியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அன்னவாசலுக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு நாற்காலிகள் வந்திருந்தன. செருப்பைக் கழற்றும்போதே காதில் விழுந்தது. "நல்ல தொழில்காரன்யா. குடிச்சுக் குடிச்சே ஒடம்பக் கெடுத்துக்கிட்டான்" என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் இருந்தவர், "கை என்னமா ஆடும், பாத்திருக்கீல்ல?" என்று ஒத்து ஊதினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழவு வீட்டில் சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். சின்னையா அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அவருக்கு வந்திருந்தது நடுக்குவாதம். கை ஆடியதும், கால் இழுத்ததும், கடைசியில் நாக்குக் குழறியதும் அதனால்தான். தெரிந்தே அவர் அந்தக் குடிகாரப் பட்டத்தைச் சுமந்தார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவரை அறியாதவர்களுக்கு: புதுக்கோட்டையில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆல்பம் வடிவமைக்க ஆள் வேண்டும் என்று போர்டு தொங்கியதைப் பார்த்து நான் படியேறினேன். என்ன தெரியும் என்று கேட்கவில்லை. "கோவம் வருமா ஒனக்கு?" என்றார். "நல்லா வரும்" என்றேன். "அப்ப சரி. கல்யாண வீட்டுக்காரவுங்ககிட்ட நீ பேசு, எனக்கு வராது" என்று வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

உண்மையிலேயே அவருக்குக் கோபம் வராது. படம் எடுக்கும்போது யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டார். "எங்க, கொஞ்சம் கோவமா இருங்க பாப்போம்" என்பார். முறைக்கப் பார்த்து அத்தனை பேரும் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொள்வார். இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்தச் சிரிப்பு இன்னும் மாட்டியிருக்கிறது.

நடுக்கம் முதலில் வலது கட்டைவிரலில்தான் வந்தது. "டீ ஜாஸ்தியாப் போச்சு ஆத்தா" என்று சொல்லி டீயைக் குறைத்தார். விரல் கேட்கவில்லை. படங்கள் லேசாகக் கலங்கி வர ஆரம்பித்தன. நான் கணினியில் கூர்மையாக்கிப் பார்ப்பேன். ஓரளவுக்கு மேல் அதுவும் முடியாது.

கீரனூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் மேடையிலேயே அண்ணனை மறித்தார். "என்னங்க, நிக்க முடியல, கேமராவப் புடிக்க முடியல. வாய ஊதுங்க பாப்போம்." மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏங்க, யாரு என்னன்னு தெரியாம பேசாதீங்க" என்று நான் எகிறுவதற்குள் அண்ணன் ஊதிவிட்டார். சின்னப்பிள்ளை மாதிரி, வாயைக் குவித்து ஊதினார். அந்த ஆளுக்கு வாசம் எதுவும் வரவில்லை. அதற்கும் விடவில்லை. "பாக்குப் போட்டு மறைச்சிருப்பாரு" என்றார்.

மிச்சப் படங்களை நான் எடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் சன்னல் ஓரம் உட்கார்ந்து, "தாலி கட்டுறது நல்லா வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார். வந்திருக்கிறது என்றேன். பிறகு அவர் கண்ணைத் துடைத்ததைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

திருச்சியில் மருத்துவரிடம் அண்ணியோடு நானும் போனேன். நோயின் பெயரைச் சொன்னார்கள். மாத்திரையால் கொஞ்சம் அடங்கும், நின்றுபோகாது என்றார்கள். பிள்ளைகளுக்கு வந்தே தீரும் என்கிற நோய் இல்லை, பயப்படாதீர்கள் என்றும் மருத்துவர் சொன்னார். அண்ணன் காதில் 'பிள்ளைகளுக்கு' என்ற ஒரு சொல்தான் விழுந்தது போலிருக்கிறது. வெளியே வந்ததும் எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"கோகிலாவுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம். இது நம்ம மூணு பேரத் தாண்டி வெளிய போகக்கூடாது. அவளுக்கும் தெரியக்கூடாது."

"அவகிட்ட ஏண்ணே மறைக்கணும்?"

"அவளுக்கு மறைக்கத் தெரியாது ஆத்தா. பொண்ணு பாக்க வாரவங்ககிட்டயே சொல்லிப்புடுவா."

"அப்ப ஊரு ஒங்களக் குடிகாரன்னு சொல்லுதே, அதுக்கு என்ன செய்யப்போறீங்க?"

"சொல்லிட்டுப் போகட்டும். குடிகாரன் மகளக் கட்டிக்கிருவாக. எங்கிட்டுப் பாத்தாலும் குடிகாரந்தான இருக்கான். வியாதிக்காரன் மகள்னா யோசிப்பாக."

நான் கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் பார்க்கக் கத்தினேன். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் அசையவில்லை. அவர் சொன்னது தப்பு என்று என்னால் வாதாட முடிந்தது. பொய் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அதன் பிறகுதான் சுற்றும் கேமராத் தாங்கி வந்தது. விடுதிகளைப் படம் எடுக்கும் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினார். முக்காலியின் உச்சியில் உட்காரும் ஒரு ரோபோ அது. உள்ளே இரண்டு மோட்டார்கள். கேமராவைக் கட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டால் போதும். கொஞ்சம் திரும்பும், நிற்கும், ஒரு படம் எடுக்கும், மறுபடி கொஞ்சம் திரும்பும். ஒரு வரிசை முடிந்ததும் கேமராவைத் தாழ்த்தி அடுத்த வரிசை. முழுச் சுற்றும் முடிய ஒரு டீ குடித்துவிடலாம். அது ஆடாது. அண்ணன் பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பார்.

அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். "பாத்து எறக்கு ஆத்தா, மாப்பிள்ளைக்குக் கோவம் வந்துறப் போகுது" என்பார். பேட்டரி தீர்ந்து பாதியில் நின்றால், "மாப்பிள்ளைக்குப் பசிச்சிருச்சு" என்பார். ஊருக்குள் அதற்கு நல்ல மரியாதை. தானே திரும்பும் கேமராவை எந்தக் கல்யாணத்திலும் அவர்கள் பார்த்ததில்லை. கூப்பிடுவதை நிறுத்தியிருந்தவர்கள் மறுபடி கூப்பிட்டார்கள்.

மணமேல்குடிப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயில் படையலில் பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரே படத்தில் எடுக்கச் சொன்னார்கள். கோயிலுக்கு முன்னால் வட்டமாக நிறுத்தி, நடுவில் மாப்பிள்ளையை வைத்தோம். அசையக்கூடாது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அசையவில்லைதான். ஆனால் தன்னைத் தாண்டிக் கேமரா திரும்பியதும், "நம்மள எடுத்தாச்சு, பந்திக்கு வாங்க" என்று ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கறிச்சோற்று வாசம் அப்படி. அது மேல் வரிசை. மாப்பிள்ளை கீழ் வரிசைக்கு இறங்கியபோது அங்கே ஒரு காலும் இல்லை. ஒட்டிப் பார்த்தால் பங்காளிகள் எல்லாரும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நின்றார்கள்.

பேய்க்குத்தானே கால் இருக்காது? கொதித்துப் போனார்கள். "மப்புல எடுத்தா இப்புடித்தான் வரும்" என்று ஒருவர் அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியும் நடுங்கியது. "இன்னொருக்க எடுத்துத் தாரேங்க" என்று சொல்லி, அவர்களைத் திரும்ப ஒரு நாள் கூட்டினார். அந்தத் தடவை கீழ் வரிசையை முதலில் எடுத்தார். "மூஞ்சி பதியாம எவனும் சோத்துக்குப் போகமாட்டான் ஆத்தா" என்றார். அப்படியே நின்றார்கள். அன்றிலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் எப்போதும் கால்தான் முதலில்.

கோகிலாவுக்கு மணமேல்குடியிலேயே மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டாரும், "அப்பா கொஞ்சம் தண்ணி போடுவாராமே" என்று விசாரித்துவிட்டு, பெண் நல்ல பெண் என்று சம்மதித்தார்கள். அண்ணன் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் கோகிலாவை மட்டும் அவர் விட்டுவிட்டார். அப்பா குடிக்கிறார் என்று அவளும் நம்பினாள். வெட்கப்பட்டாள். பேச்சைக் குறைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்: "தாரை வாக்க நீங்க நிக்க வேணாம்பா. எல்லாரும் பாப்பாங்க. பெரியப்பா நிக்கட்டும்."

"சரித்தா" என்றார் அண்ணன்.

பெரியப்பா தாரை வார்த்தார். பெற்றவர் மண்டபத்தின் நடுவில் ரோபோவுக்குப் பக்கத்தில் நின்றார். கேமரா திரும்பத் திரும்ப அதன் முதுகுப்பக்கமாகவே நாமும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் விழுந்துவிடுவோம். அன்று அண்ணன் நகரவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒட்டும்போது அவர் முழு ஆளாக வந்திருந்தார். "அண்ணே, நீங்களும் விழுந்திருக்கீங்க, இருக்கட்டுமா?" என்றேன்.

"என்னைய எடுத்துரு ஆத்தா. புள்ள மாமியா வீட்டுல மாட்டுற படம்."

அதே இடத்தை ஆளில்லாமல் எடுத்த இன்னொரு படம் இருந்தது. அதை வைத்து அவரை மூடினேன். அவர் நின்ற இடத்தில் இப்போது ஒரு சிவப்பு நாற்காலி மட்டும் கிடக்கிறது.

பிறகு நோய் வேகமெடுத்தது. சட்டைப் பித்தான் போட முடியவில்லை. முகத்தில் சிரிப்பு வருவது நின்றுபோனது. அடுத்தவரைச் சிரிக்கவைத்தே பிழைத்த மனிதருக்கு அது நேர்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியாக நாங்கள் சேர்ந்து வேலைக்குப் போனது நார்த்தாமலைக்கு. பாறையில் நான் தாங்கியைச் சுமந்துகொண்டு முன்னால் போனேன். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். விசயாலய சோழீச்சரம் கோயிலுக்கு முன்னால் முக்காலியை நிறுத்தினேன். பொத்தானை அமுக்க அவருக்கு விரல் நிற்கவில்லை, நான் அமுக்கினேன். கேமரா சுற்றி முடித்தது. பிறகு, "கோகிலா ஒன்கிட்டப் பேசுனாளா?" என்றார். அம்மாவோடு பேசிவிட்டு அப்பா எடுத்தால் வைத்துவிடுகிறாள் என்பது எனக்கும் தெரியும். "பேசுனா, ஒங்களக் கேட்டா" என்றேன். நம்பினாரா என்று தெரியாது. தலையை ஆட்டினார், அது நோயா பதிலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நெஞ்சில் சளி கட்டி, விழுங்க முடியாமல் போய்த்தான் அவர் இறந்தார். ஈரல் கெட்டு அல்ல.

எழவு வீட்டில் கோகிலா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "இப்புடிக் குடிச்சு எங்களவிட்டுப் போயிட்டீங்களேப்பா" என்று அவள் சொல்லி அழுததும் அண்ணி எழுந்தார். அத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த குரல் அது. "குடிச்சாரா? அந்த மனுசன் வாயில ஒரு சொட்டு பட்டதில்லடி! ஒனக்காகத்தான்டி ஊருகிட்டக் கெட்ட பேரு வாங்குனாரு!" என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். அதன் பிறகு அவள் அழவில்லை. எடுக்கும்வரை அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து ஸ்டூடியோவுக்கு வந்தாள். "என் கல்யாணத்துல அப்பா எங்க அத்தை நின்னாரு?" என்று கேட்டாள். மூடாத மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினேன். வெள்ளைச் சட்டையில், கழுத்தை நீட்டி மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வலது கை மூடியிருக்கிறது. அதை இடது கை பிடித்திருக்கிறது.

"கையில என்ன அத்தை?"

இன்னும் பெரிதாக்கினேன். விரலிடுக்கில் மஞ்சள் தெரிந்தது. "அட்சதை" என்றேன்.

"போடலையா?"

கையைத் தூக்கினால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார் என்றேன். திரையில் இருந்த அந்தக் கையின் மேல் அவள் தன் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அப்பாவோட சேத்து ஒட்டிக் குடுங்க அத்தை. பழைய படத்தக் கழட்டிட்டு இத மாட்டப்போறேன்."

"மாமியா வீட்டுல கேப்பாங்களே கோகிலா?"

"கேக்கட்டும். எங்கப்பாவுக்கு நடுக்குவாதம்னு நானே சொல்றேன். நீங்களும் எழுதுங்க. ஊருக்கே தெரியட்டும்."

எழுதிவிட்டேன். படத்தையும் ஒட்டி அனுப்பிவிட்டேன்.

அண்ணே, 'என்னைய எடுத்துரு' என்று நீங்கள் சொன்னதை இந்த ஒரு தடவை நான் கேட்கவில்லை. மண்டபம் முழுக்கத் தெளிவாக வந்திருக்கிறது. மேடை, தோரணம், கடைசி வரிசையில் தூங்கும் குழந்தை வரைக்கும் தெளிவு. உங்கள் கை மட்டும் கலங்கியிருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. உங்களைக் குடிகாரர் என்று சொன்ன மணமேல்குடிக்காரர்கள் வந்து பார்க்கட்டும். போய் வாங்கண்ணே.