சரஸ்வதிக்கு முன்னால் டேப்லெட்

டேப்லெட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் நான் பார்த்தேன். மலேசியாவில், கிள்ளானில், எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்திலுள்ள தமிழ்ப்பள்ளியில்.

அன்று சரஸ்வதி பூஜை. கணினி அறை அலமாரியிலிருந்து டேப்லெட்களை வெளியே எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாம் கோவிட் நிவாரண நிதியில் பள்ளிக்கு வந்தவை. பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை... உறைமேலேயே குங்குமம்!

நான் சுண்டலுக்காகப் போகவில்லை. எதிர்வீட்டுக் கலாவுக்குத் துணையாகப் போனேன். அவள் மகள் தர்ஷினி ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. வருடக் கடைசிப் பரீட்சை நெருங்குகிறது. ஆசிரியர் பாடங்களைக் கைப்பேசியில் அனுப்பத்தான் செய்கிறார். ஆனால் வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசி கலாவோடு கையுறை ஃபேக்டரிக்குப் போய்விடுகிறது. அவள் ஓவர்டைம் முடிந்து வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் என்ன? கேள்வி கேட்கச் சர்டிபிகேட் வேண்டுமா?

"டீச்சர், இதுல ஒண்ணு தர்ஷினிக்குக் குடுங்களேன்" என்றேன் தலைமையாசிரியையிடம்.

"இது கோவிட்டுக்காக வந்தது ஆன்டி. பிள்ளைங்க வீட்டுல இருந்து படிக்க."

"இவளும் வீட்டுலதானே இருக்கா?"

"ஐயோ, கால் உடைஞ்சதுக்கும் கோவிட்டுக்கும் என்ன சம்பந்தம் லா!"

எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. அந்தப் பணத்தை நோய்க்குக் கொடுத்தார்களா, பிள்ளைக்குக் கொடுத்தார்களா? நோய் போய்விட்டால் பிள்ளையின் தேவையும் போய்விடுமா?

டீச்சர் கெட்டவர் இல்லை, பாவம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு உடைஞ்சாலும் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும் ஆன்டி. உள்ளயே இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

இது எனக்குப் புதுச் சேதி. பிள்ளைக்குக் கொடுத்தால் கேள்வி வரும் – பூட்டி வைத்தால் வராது!

அதுவரை கதவோரம் நின்றிருந்த கலா, மெதுவாக வாய் திறந்தாள்.

"டீச்சர்... பூஜையில வச்சத மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் படிக்கணும்தானே? வீட்டுல புத்தகத்த அப்படித்தான் செய்வோம். இத நாளைக்கு யாரு படிக்கப் போறா?"

டீச்சர் கலாவைப் பார்த்தார். சரஸ்வதியைப் பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார்.

"நான் வச்ச பூஜையிலயே என்னை மாட்டி விட்டுட்டீங்களே அக்கா! சரி, நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்குங்க. பரீட்சை முடிஞ்சதும் பத்திரமா திரும்பி வரணும். ஆடிட்ல கேட்டா... நானே பதில் சொல்லிக்கறேன்."

மறுநாள் மத்தியானம். தர்ஷினிக்கு எங்கள் வீட்டு வைஃபைதான். கலா வேலைக்குப் போயிருந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரே கத்தல். கட்டுப் போட்ட கால் என்ன ஆயிற்றோ என்று ஈரக் கையோடு ஓடினேன்.

"அம்மாவுக்கு போன் போடுங்க! எனக்குப் பின்னக் கணக்கு புரிஞ்சிருச்சு!"

போட்டேன். ஃபேக்டரிச் சத்தத்துக்கு நடுவே, "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க" என்றாள் கலா.

மற்ற டேப்லெட்களா? மறுபடி அலமாரிக்குள் போய்விட்டன. உங்கள் பக்கத்துப் பள்ளியில் சாவி யாரிடம் இருக்கிறது... சும்மா ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்!