சந்தனம் வைத்த பெடல்

அந்த நர்சம்மா மூன்று முறை காரைக் கொண்டுவந்தார். மூன்று முறையும் அது என் ஷெட்டில் சமர்த்தாக நின்றது. ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறும் காட்டாது.

"ஆக்சிலேட்டர மிதிச்சா சில நேரம் வண்டி எழும்ப மாட்டேங்குதுங்க. அப்புறம் தானா சரியாயிடுது" என்பார்.

என் வாய் சும்மா இருக்குமா? "மிதிக்கிற மாதிரி மிதிச்சா எழும்பும்மா" என்றேன். போனில் விசாரித்த அவர் வீட்டுக்காரரிடமும், "வண்டில ஒண்ணுமில்ல சார், ஓட்டறவங்க கால்லதான்" என்று சிரித்தேன்.

வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டார். காரை விற்றுவிடலாம், வேங்கிக்காலிலிருந்து கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரிக்கு இனி பஸ்ஸில் போ என்று சொல்லிவிட்டாராம். நர்சம்மா கண் கலங்கி வந்து நின்றார். "எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதாங்க. ஒரே ஒரு தடவ நீங்க ஓட்டிப் பாருங்க."

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். பௌர்ணமி என்பதே புத்தியில் இல்லை. செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது. முன்னால் பஸ் நகர்ந்தது. மிதித்தேன், இன்ஜின் எழும்பவில்லை. அழுத்தி மிதித்தேன், ம்ஹூம். பின்னால் ஒரே ஹார்ன். ஒரு ஆட்டோக்காரர் இடப்பக்கம் ஒட்டி நிறுத்தி, "ஓட்டத் தெரியலன்னா எதுக்குய்யா வண்டி எடுக்கற?" என்று கத்தினார். நர்சம்மா என் காலையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

வண்டியை அணைத்துவிட்டுக் குனிந்து, மிதிப்பதை இன்ஜினுக்குச் சொல்லும் பெடல் சென்சாரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே கம்பிப் பின்னெல்லாம் ஈரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பெடலின் தண்டில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அடப்பாவி! ஆயுத பூஜைக்கு இந்தக் காரை ஷெட்டில் நிறுத்தி, ஓஸ் பைப்பை உள்ளே விட்டுப் பெடல் வரைக்கும் கழுவியவன் நான். பொட்டு வைத்தவனும் நான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பின்னைச் சுரண்டித் துடைத்து மாட்டிவிட்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "சார், தப்பு அம்மா மேல இல்ல. நான் வண்டி கழுவுனப்ப தண்ணி எறங்கி வயர் கெட்டுப்போச்சு. வண்டிய வித்துடாதீங்க."

"காலையிலயே விலை பேசி முடிச்சிட்டேனே. நீங்கதானே சொன்னீங்க?"

போனை வைத்தேன். நர்சம்மா சீட் பெல்ட்டைக் கழற்றினார். "வீடு வரைக்கும் நான் ஓட்டறேன். இந்தப் பக்கம் வாங்க" என்றபடி தன் பக்கக் கதவைத் தள்ளினார். நெரிசலில் அந்த ஆட்டோ இன்னும் ஒட்டியே நின்றது. நாலு விரல் அகலத்துக்கு மேல் கதவு திறக்கவில்லை.