கனடா முடிவு

தாய் லீக்ஸ் தண்டுகளை அரிந்துகொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று, அச்செடுத்த தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு மாடிவீட்டுச் சமையலறை, சனிக்கிழமை மத்தியானம், 1996ஆம் வருடம்.

"அவர் கல்லுக் குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடந்தார்," என்று வத்சலா வாசித்தாள்.

கத்தி நின்றது. "என்னத்தைக் குடிச்சவர்?"

"கல்லு."

"கல்லை ஆரடி குடிக்கிறது? கள்ளு, பிள்ளை, கள்ளு. உன்ர அப்பா ரெண்டையும் தொடேல்லை. அடுத்ததைப் படி."

தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழப் பறந்தது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கும், நடுவில் இடைவெளி விட்டு.

அந்தக் காலத்தில் கணினித் திரையில் தமிழெழுத்து எளிதில் வராது. இணையத்தில் கூடிய தமிழர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். கல்லும் கள்ளும் ஒன்றாகத்தான் வரும். தாய் அருமைநாயகி அந்தத் திரையைப் பார்க்கவே மாட்டாள். "தமிழுக்குக் கோட்டும் சூட்டும் போட்டு விட்டிருக்கிறாங்கள், எனக்கு ஆளைத் தெரியேல்லை," என்பாள். மகள் வாசிப்பாள், தாய் கேட்பாள். தாய் சொல்லுவாள், மகள் தட்டுவாள்.

அன்று வாசித்த தாள்களில் இருந்தவை முடிவுகள். ஒரு மனிதர் காணாமற்போனதற்கு முன்பின் தெரியாதவர்கள் எழுதி அனுப்பிய முடிவுகள். அந்த மனிதர் வத்சலாவின் தகப்பன் கனகலிங்கம். அது எழுதினவர்களுக்குத் தெரியாது.

அருமைநாயகிக்கு விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் வேலை. லண்டன் வந்த பிறகு தான் எங்கும் பறந்ததில்லை, ஆனால் தன் கையால் மூடிய தட்டுப் போகாத நாடில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். ஹவுன்ஸ்லோ நூலகத்தில் இருந்த தமிழ்ப் புத்தகங்களை வந்த புதிதிலேயே வாசித்து முடித்து, மறுபடி முதல் தட்டிலிருந்து தொடங்கினவள். வாசித்ததைக் கதைக்கத்தான் ஆளில்லை. கலியாண வீடுகளில் விசாவையும் வீட்டு விலையையும் கதைத்தார்கள். புத்தகத்தின் பெயரை எடுத்தால், "உங்களுக்கு நேரம் கிடக்குது" என்றார்கள்.

வத்சலா பொறியியல் படித்து, தொலைபேசிக் கம்பிகளில் பழுது பார்க்கும் வேலைக்குப் போன பிறகு ஒரு கணினி வாங்கினாள். தமிழ் வாசகர்கள் கூடிப் புத்தகம் பேசும் ஒரு இணையக் குழுவைக் கண்டுபிடித்தாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. மூக்குக்கண்ணாடி என்று ஒருவர், ஊறுகாய் என்று ஒருவர். அருமைநாயகி தனக்குத் தேத்தண்ணி என்று பெயர் வைத்தாள்.

"தேத்தண்ணின்னா என்ன சார்?" என்று ஊறுகாய் கேட்டார். டீ என்று தெரிந்ததும் குழு முழுக்க, "தேத்தண்ணி சார்" என்று கூப்பிட்டது.

"நீங்கள் பொம்பிளை எண்டு சொல்லட்டோ?" என்றாள் வத்சலா.

"வேண்டாம். சார் எண்டே இருக்கட்டும். சாருக்கெண்டால் மறுமொழி டக்கெண்டு வருது."

அங்கே அவளுக்கு வாய் திறந்தது. கதாநாயகி இருமத் தொடங்கினாலே சாகப்போகிறாள் என்று தெரிந்துவிடும் நாவல்களை அவள் கிழித்துப் போட்டால், அமெரிக்காவில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் சிரித்தார்கள். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன், "என்னவாம் எங்கட ஆக்கள்?" என்று கேட்பாள். முகம் தெரியாதவர்கள் எங்கட ஆக்கள் ஆகியிருந்தார்கள்.

அந்த வசந்தத்தில் குழுவில் இரவல் புத்தகங்களைப் பற்றி ஒரு பகிடி ஓடியது. யார் யார் வாங்கித் திருப்பித் தரவில்லை, யாருடைய அலுமாரியில் யாருடைய பெயர் போட்ட புத்தகம். அருமைநாயகி வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "நான் ஒரு கதை கதைக்கவேணும் எண்டு தொடங்கு," என்றாள். வத்சலா தட்டினாள்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இருந்தார். இரவல் புத்தகத்தை வைத்திருந்தால் நித்திரை வராது அவருக்கு. ஆமிச் சுற்றிவளைப்பு நடக்கும் என்று ஊரெல்லாம் தெரிந்த ஒரு நாள் காலமை, வாசிகசாலைப் புத்தகத்தைக் குடுத்துவிட்டு வாறன் என்று சைக்கிளில் போனார். புத்தகம் போய்ச் சேர்ந்தது. ஆள் வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கதைப்பது என்றால் பேசுவது. ஒரு கதை கதைக்கவேணும் என்றால் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று பொருள். குழுவில் அதிகம் இருந்த சென்னைக்காரர்களுக்குக் கதை என்றால் கற்பனைக் கதைதான். தேத்தண்ணி சார் ஒரு சிறுகதை எழுதிவிட்டார் என்று குழு துள்ளியது.

"பிரமாதம் சார்! ஆனா முடிவு எங்கே?" என்றார் ஊறுகாய். மூக்குக்கண்ணாடி நீளமாக விமர்சனம் எழுதினார். ஆள் என்ன ஆனார் என்று சொல்லாமல் விடுவது சோம்பேறித்தனம், வாசகனை ஏமாற்றும் உத்தி என்றார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு முடிவு எழுதுவோம், எது சரி என்று தேத்தண்ணி சார் தீர்ப்புச் சொல்லட்டும்.

வத்சலா விசைப்பலகையைக் கிட்ட இழுத்தாள். "அது என்ர அப்பா, வாயை மூடுங்கோ எண்டு எழுதப்போறன்."

"எழுதாதை."

"அம்மா, விளையாடுறாங்கள்!"

"விளையாடட்டும்," என்றாள் அருமைநாயகி. "பத்து வருசமா எனக்கு ஒருத்தரும் ஒரு முடிவும் சொல்லேல்லை. இவங்களாவது சொல்லட்டும். ஆரும் அவரைத் திருப்பிக் கொண்டுவாறாங்களோ எண்டு பாப்பம்."

அப்படிச் சேர்ந்தவைதான் சமையலறை மேசையில் கிடந்த தாள்கள். ஒருவர் கனகலிங்கத்தைச் சுட்டிருந்தார். ஒருவர் குடிகாரனாக்கி ரோட்டோரம் விட்டிருந்தார். ஒருவர் உளவாளியாக்கியிருந்தார். "உளவாளியோ! கடைக்கு அனுப்பினால் என்ன வாங்க வந்தனான் எண்டு மறந்துபோற மனிசன்," என்று அருமைநாயகி லீக்ஸ் கைகளால் கண்ணைத் துடைத்தாள். ஊறுகாய் அவரைக் கனடாவுக்கு அனுப்பி, இன்னொரு பெண்ணைக் கட்டிவைத்து, இரண்டு பிள்ளைகளும் கொடுத்திருந்தார்.

"இது சரியான கேவலம்," என்றாள் வத்சலா.

"ஏன்? ஆள் உயிரோடை இருக்கிறார். மூண்டு நேரமும் சாப்பிடுறார். அவள் சமைச்சுப் போடட்டும், எனக்கும் ஒரு வேலை மிச்சம்." சட்டியில் எண்ணெயை விட்டாள். "எது நல்லது எண்டு நான் யோசிக்கவேணும். திங்கள் வேலையால வந்து சொல்லுறன், நீ அடிச்சு விடு."

திங்கட்கிழமை தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறையில் அருமைநாயகி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமுன் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள்.

வெம்பிளியில் கனகலிங்கத்தின் ஒன்றுவிட்ட தங்கை பாலாம்பிகை இருந்தாள். காரியங்களை அவள்தான் பொறுப்பெடுத்தாள். உடலை வைத்திருந்த இடத்தில், அதற்கு உடுத்த வேண்டிய சீலையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பாலாம்பிகையின் மடியில் இரண்டு சீலைகள் கிடந்தன. ஒன்று அருமைநாயகியின் கலியாணக் கூறை. மற்றது வெள்ளை.

"பிள்ளை, கோவிக்காதை. ஐயருக்கு ஒண்டு சொல்லவேணும். மச்சாளை எப்பிடி அனுப்புறது? அண்ணை இருக்கிறார் எண்டோ, இல்லை எண்டோ?"

இந்தக் கேள்வி புதிதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பாலாம்பிகையின் மகளின் கலியாணத்தில், ஆலாத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்களைக் கூப்பிடும்போது அவள் அருமைநாயகி முன்னால் வந்து தயங்கி நின்றாள். "உங்களை, மச்சாள், எந்தப் பக்கம் வைக்கிறது?" அருமைநாயகி சிரித்துக்கொண்டே, "சாப்பாட்டுப் பக்கம் வை," என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு வந்து சேரும்வரை மகளோடு பேசவில்லை.

"அவா பொட்டோடைதானே இருந்தவ," என்றாள் வத்சலா.

"இருந்தவ. நாங்கள் ஒண்டும் சொல்லேல்லையே. ஆனால் கிரியையிலை பிழை வரக்கூடாது. ஒரு முடிவு வேணும், பிள்ளை."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வத்சலாவைப் பார்த்தார்கள். அவளுடைய வேலையில், அறுந்த கம்பிக்குள் ஒரு துடிப்பை அனுப்பினால் அது அறுந்த இடத்தில் முட்டித் திரும்பி வரும். எவ்வளவு தூரத்தில் அறுந்தது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். இங்கே எதை அனுப்புவது?

"இருக்கிறார்," என்றாள்.

"என்ன?"

"அப்பா இருக்கிறார். கனடாவிலை. வேற குடும்பத்தோடை. ரெண்டு பிள்ளையள்."

திட்டு விழும் என்று வத்சலா நினைத்தாள். பாலாம்பிகை தலையில் கை வைத்தாள். பிறகு அந்த முகம் அவள் எதிர்பாராத விதமாக மலர்ந்தது. "அண்ணை உயிரோடையோ? என்ர அண்ணை உயிரோடையோ, பிள்ளை?" வெள்ளைச் சீலை நிலத்தில் விழுந்ததையும் கவனியாமல் வத்சலாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். "நம்பரைத் தா. நான் ஒரு வார்த்தை கதைக்கவேணும்."

"நம்பர் இல்லை, மாமி."

"நான் கண்டுபிடிக்கிறன்."

அருமைநாயகி கூறையும் பொட்டுமாகப் போனாள். குங்குமத்தை வத்சலாதான் வைத்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. பின்னால் ஒரு குரல், "இவ்வளவு காலமும் தெரிஞ்சும் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை, பாருங்கோ. மானஸ்தி," என்றது. இன்னொரு குரல், "மனிசனை விட்டுப் பிடிக்கத் தெரியாதவள்," என்றது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பாலாம்பிகை ஓடி வந்தாள். "பிள்ளை, டொரொண்டோவிலை கண்டிருக்கினம்! ஒரு மரக்கறிக் கடையிலையாம். தலை நல்லா நரைச்சுப் போச்சாம். அதே நடையாம். கூப்பிட்டிருக்கினம், திரும்பிப் பாக்காமல் போட்டாராம்."

"எந்தக் கடை?" என்று வத்சலா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. ஊரெல்லாம் சுற்றி, நரையும் நடையும் ஒட்டிக்கொண்டு, அந்தப் பொய் அவளிடமே திரும்பி வந்திருந்தது. வாசிகசாலைப் புத்தகத்தை வைத்திருக்கப் பொறுக்காத மனிதன் இப்போது பெண்சாதியைக் கைவிட்டு, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் போகிறவன். அவனை அப்படியாக்கியது மகள்.

"நான் ஆளை அனுப்பியிருக்கிறன்," என்றாள் பாலாம்பிகை. கண் பளபளத்தது. வத்சலாவால் உண்மையைச் சொல்ல ஏலவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தாள். குழு வேறு புத்தகத்துக்குப் போயிருந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்லாமல் ஓடிப்போன நடுவர் என்று மூக்குக்கண்ணாடி கேலி செய்திருந்தார். "தேத்தண்ணி சார், கோவமா? என் கனடா முடிவு சும்மா ஜாலியா எழுதினது, அதுக்குப் பரிசு வேணாம். எது சரின்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்று ஊறுகாய் எழுதியிருந்தார்.

வத்சலா சில தடவை தட்டத் தொடங்கி அழித்தாள். தாய் செத்துப்போனதை எழுதினால் அதையும் கதை என்பார்கள். நன்றாக முடித்தீர்கள் என்றும் சொல்லுவார்கள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அருமைநாயகி திங்கட்கிழமை வேலையால் வந்து சொல்லுவதாக இருந்த வார்த்தை. எதைச் சொல்ல இருந்தாள் என்று மகளுக்குத் தெரியாது.