மூன்று விநாடியில் ஒரு ‘வாங்க’

என் தங்கை கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவள். சிங்காநல்லூரில் ஷட்டர் போட்ட ஒரு சின்ன அறைதான் அவள் பட்டறை. மில் வேலையை விட்டுவிட்டு அதைத் திறந்தபோது, பொம்பளை மோட்டார் கழற்றுவாளா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவளோ போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தான் வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் ஈரோடு, தாராபுரம் என்று எங்கெங்கிருந்தோ கிரைண்டர்கள் வந்து இறங்கின. வீடியோவை வெட்டி ஒட்டுவது என் பொறுப்பு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் பில் போடுகிறேன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே போனில் அதை முடித்துவிடுவேன்.

எல்லா வீடியோவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். எல்லாரும் வாங்க, சௌக்கியங்களா, சாப்டீங்களா என்பாள். உங்க பக்கம் மழை உண்டுங்களா, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதுங்களா என்று விசாரித்து முடித்த பிறகே ஸ்க்ரூடிரைவரைத் தொடுவாள். எங்கள் பக்கம் அப்படித்தான்; வந்தவரை வரவேற்பதையே ‘வாங்க’ கேட்பது என்போம். ‘வாங்க’ என்று கேட்கவில்லை என்பதற்காகக் கல்யாண வீட்டில் கை நனைக்காமல் திரும்பிப்போன மாமன்மார் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

திடீரென்று பார்ப்பவர்கள் குறைந்தார்கள். எந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிற அல்காரிதம் மாறிவிட்டதாம். இனி சின்ன வீடியோவுக்குத்தான் மவுசாம். முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடித்து நிறுத்தாவிட்டால், யாருக்கும் காட்டாமல் ஓரங்கட்டிவிடுமாம். முகம் தெரியாத அந்த மகராசனை நான் திட்டாத நாளில்லை. பட்டறையில் இரண்டு கிரைண்டர்தான் மிச்சம். பழைய மில்லிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்து, இடம் காலியாக இருக்கிறது, மாசக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார். யோசித்துச் சொல்வதாக அவள் சொன்னாள். யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டதே என்று பயந்தேன்.

அந்தப் பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அடுத்த நான்கு வீடியோக்களில் ‘வாங்க’ முதல் பரீட்சை வரை மொத்தத்தையும் வெட்டி எறிந்தேன். பார்ப்பவர்கள் கொஞ்சம் கூடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நான்காவது வீடியோவின் கீழே ஒரு அம்மா எழுதியிருந்தார்: எங்க மேல ஏதும் கோவமுங்களா, நாலு நாளா வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே.

குட்டு உடைந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு, நான் வெட்டிய நான்கு வீடியோவையும் ஓட்டிப் பார்த்தாள். தப்பு என் மேல் என்றாலும் கத்தியது நான்தான். உன் ‘வாங்க’வைக் கட்டிக்கொண்டு மில்லுக்கே போ என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஊட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கேக்காம உட்டுப்போட்டு, அப்பறம் என்ன ரிப்பேர் பண்ணி என்னங்க்கா?" என்றாள். பிறகு, வீடியோவின் எந்த இடத்தில் ஆட்கள் பார்ப்பதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று போனில் ஏறி இறங்கிக் காட்டுகிற கோட்டைக் காட்டச் சொன்னாள்.

அவள் கிரைண்டரைப் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. எடுத்ததும் கழற்ற மாட்டாள். ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பாள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று சத்தமே சொல்லிவிடும். அன்று அந்தக் கோட்டையும் அப்படித்தான் பார்த்தாள். ஒவ்வொரு பழைய வீடியோவாக, அவசரமே இல்லாமல். விசாரிப்பில் கோடு இறங்கியது. அவள் காதில் ஸ்க்ரூடிரைவரை வைக்கிற இடத்தில் மட்டும் எல்லா வீடியோவிலும் ஏறியது. அங்கே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாக வெட்டி ஒட்டுகிற என் கண்ணுக்கு இது ஒருநாளும் படவில்லை. என் தங்கையை நினைத்து அன்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

மறுநாள் வீடியோ சத்தத்தில் தொடங்கியது. காதில் ஸ்க்ரூடிரைவர், கடகடவென்று ஒரு கிரைண்டர், இது பேரிங்கா பெல்ட்டா சொல்லுங்க பாக்கலாம் என்று ஒரே கேள்வி. விடை கடைசியில். விடைக்குப் பிறகு, வாங்க, சௌக்கியங்களா, சாப்டீங்களா. முடியும்போது யாராவது ‘வாங்க’ சொல்வார்களா என்று கேட்டேன். கடைசிவரை இருக்கிறவர்கள்தானே நம் வீட்டுக்கு வந்தவர்கள் என்றாள். கீழே விடை எழுதியவர்களையும் ஒருவர் விடாமல் விசாரித்தாள். இதுவும் ஒருநாள் மாறுமே என்று நான் இழுத்தேன். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று மோட்டாரையா தூக்கிப் போடுகிறோம் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மாசக் கடைசி நெருங்கியபோது பட்டறையில் கிரைண்டர் வைக்க இடமில்லை. அன்று நானும் அங்கே இருந்தேன். தாராபுரம் பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, கிரைண்டரை ஆட்டோவிலிருந்து இறக்கி வாசலில் வைத்தார். நான் எடுத்த எடுப்பில் என்ன ரிப்பேர் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தங்கை கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"வாங்க வாங்க. உக்காருங்க. சாப்டீங்களா?"

"இதக் கேக்கோணும்னுதான் அம்மணி தெனமும் கடேசி வரைக்கும் பாக்கறது" என்றார் அந்த அம்மா. வேறு யாருமல்ல, எங்கள் மேல் கோபமா என்று எழுதியவரே அவர்தான்.

டீ வாங்கி வந்து கொடுத்தேன். பிறகு மில்லுக்கு நான்தான் போன் செய்து, தங்கை வரவில்லை என்று சொன்னேன். அதற்கு முன்னால் அந்தச் சூப்பர்வைசரிடம், சௌக்கியங்களா, சாப்டீங்களா என்று கேட்டேன்.